கன்னங்குறிச்சி அடிவாரம்: 650 அடியில் ஒரு இஞ்ச் தண்ணி, 1000 அடிக்குப் போகலாமா?

#1 அடிவாரவீடு

வணக்கம். இடம் சேலம் கன்னங்குறிச்சிக்கு வடக்கே, சேர்வராயன் மலையடி. மனை 30க்கு 40. இரண்டு குடும்பம், மொத்தம் 8 பேர். மூலையில் 180 அடி பழைய போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று வற்றிக் கிடக்கிறது. அது 4.5 இஞ்ச். புதிதாக 6.5 இஞ்ச் போர் ஓட்டியதில் இன்று மாலை 650 அடி ஆகியிருக்கிறது. 210 அடியில் ஒரு கேப் (பாறை விரிசல்) வந்து தண்ணி அடித்தது. 430இல் இன்னும் கொஞ்சம் கூடியது. அதற்குப் பிறகு வெறும் கல்மாவுதான். துளை போடும் ரிக் வண்டிக்காரர் "ஒரு இஞ்ச் இருக்குது, 1000 அடி போனா ரெண்டு இஞ்ச் ஆகும்" என்கிறார். வண்டி நாளை மதியம் வரை நிற்கும். ஓட்டலாமா, நிறுத்தலாமா?

#2 ராடு20

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்குங்க. அந்த ஒரு இஞ்ச் எந்த இஞ்ச்? ரிக் வண்டியில சொல்ற இஞ்ச் பைப்பு அளவு இல்லைங்க. தகர வாய்க்கால்ல "வி" மாதிரி வெட்டி வெச்சிருப்பாங்க, 90 டிகிரி வெட்டு. அந்த வெட்டுக்குள்ள தண்ணி எத்தனை இஞ்ச் உயரம் நிக்குதோ அதுதான் கணக்கு. உயரம் ஏற ஏற வெட்டோட அகலமும் ஏறும், வேகமும் ஏறும். அதனால ரெண்டு இஞ்ச்ங்கறது ஒரு இஞ்ச்சோட ரெண்டு மடங்கு கிடையாது, அஞ்சரை மடங்குக்கு மேல.

1 இஞ்ச்: நிமிஷத்துக்கு 8.5 லிட்டர்
2 இஞ்ச்: 48 லிட்டர்
3 இஞ்ச்: 133 லிட்டர்

கணக்கு நீங்களே போடலாம். உயரத்தை சென்டிமீட்டர்ல எடுத்து இரண்டரை அடுக்கு ஏத்தி 0.0138ஆல பெருக்குனா விநாடிக்கு எத்தனை லிட்டர்னு வரும். அளக்கும்போது ஸ்கேலை வெட்டு வாய்லயே வெக்காதீங்க. அங்க தண்ணி சரிஞ்சு விழுறதால உயரம் கம்மியா காட்டும். தண்ணி நிக்கற உயரத்தைப்போல நாலு மடங்கு தூரம் பின்னால தள்ளி, வெட்டோட அடிமுனை மட்டத்துல இருந்து அளங்க.

இன்னொண்ணு. கம்ப்ரஸர் காத்து அடிச்சவுடனே வர்ற தண்ணியை நம்பாதீங்க. குழிக்குள்ள நின்ன தண்ணி அத்தனையும் முதல்ல வெளிய வரும், அது ஊத்து இல்ல. 6.5 இஞ்ச் குழியில அடிக்கு 6.5 லிட்டர் நிக்கும். ராத்திரி 400 அடிக்கு தண்ணி ஏறி நின்னா அதுவே 2600 லிட்டர். அத்தனையும் வெளிய போன பிறகு, குறைஞ்சது ஒரு மணி நேரம் தொடர்ந்து காத்தடிச்சு, கடைசி 20 நிமிஷம் அளவு மாறாம நின்னா அதுதான் போரோட தண்ணி.

கேசிங் (மேல்மண்ணு சரியாம இருக்க இறக்கற பைப்பு) எத்தனை அடி போட்டிருக்கு? எந்த ஆழத்துல மாவு என்ன நிறம் வந்துச்சுன்னும் சொல்லுங்க.

#3 பாறைமொழி

ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்ற நம்பிக்கை ஆற்றுப்படுகைக்கும் வண்டல் மண்ணுக்கும் பொருந்தலாம். சேலத்துக்குப் பொருந்தாது.

சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில் உருவாகி, மேலே இருந்தது எல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தெரிகிறது. (1893இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் தாமஸ் ஹாலண்ட். சென்னைப் பக்கத்துப் பாறை ஒன்றில்தான் கொல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கல் வெட்டப்பட்டது, அதனால் அந்தப் பெயர்.) இந்தப் பாறையின் உடம்பில் துளையே இல்லை. கடற்பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைக்காது. தண்ணீர் நிற்கக்கூடிய இடம் இரண்டுதான்.

ஒன்று, மேலே மக்கிப்போன பகுதி. வெயிலும் மழையும் பாறையை உதிரியாக்கி வைத்திருக்கும். இடத்துக்கு இடம் 30 அடியும் இருக்கும், 100 அடியும் இருக்கும். நம் ஊர்க் கிணறுகள் எல்லாம் இதை நம்பித்தான் வெட்டப்பட்டன. இதுதான் தொட்டி. இரண்டு, அதற்குக் கீழே உள்ள விரிசல்கள். ரிக்காரர்கள் கேப் என்று சொல்வது இதைத்தான். இது தொட்டி இல்லை, தொட்டியிலிருந்து வரும் குழாய். மேலே தொட்டி காய்ந்தால் கீழே எத்தனை குழாய் இருந்தும் பயன் இல்லை.

விரிசல் ஏன் மேற்பகுதியில் அதிகம்? மேலே இருந்த பாரம் அரிந்து நீங்கியபோது பாறை நிமிர்ந்து, தரைக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளந்தது. மேலிருந்து மழைநீர் இறங்கி அந்தப் பிளவுகளை அகலப்படுத்தியது. கீழே போகப் போகப் பாரம் கூடுகிறது. 1000 அடியில் மேலிருக்கும் பாறையின் எடை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ. படுக்கை விரிசல்கள் அங்கே இறுகி மூடிக்கொள்ளும். அதனால்தான் இந்த மாதிரிப் பாறைப் பகுதிகளில் நல்ல கேப் பெரும்பாலும் முதல் 300 அடிக்குள் கிடைத்துவிடுகிறது. கீழே கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடி ஏற ஏற வாய்ப்பு குறைகிறது, அடிக்கான கூலியோ ஸ்லாப் ஸ்லாப்பாக ஏறுகிறது.

"நிலத்தடியில் ஆறு ஓடுகிறது, அதைத் தொட்டுவிட்டால் போதும்" என்பதையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தப் பாறைக்குள் ஆறு இல்லை. விரல் தடிமன் பிளவு கிடைத்தாலே அது பெரிய கேப்.

#4 ஆத்தூர்ப்பாதை

பாறைமொழி ஐயா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. ஆத்தூர்ச் சாலைப் பக்கம் 850 அடியில் மூன்று இஞ்ச் கிடைத்த போர்கள் இருக்கின்றன. 300 அடியில் நிறுத்தியிருந்தால் அவை எல்லாம் வறண்ட போர்கள்தானே?

#5 பாறைமொழி

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிப் போகும் பள்ளத்தாக்கே பூமியில் பழைய காலத்தில் பாறை நசுங்கி நகர்ந்த ஒரு பட்டை. அந்த மாதிரிப் பட்டையில் விரிசல்கள் படுக்கையாக இல்லாமல் செங்குத்தாக இறங்கும். செங்குத்து விரிசலை மேலிருக்கும் பாரம் மூடாது. அதன் மேல் போர் விழுந்தால் ஆழத்திலும் தண்ணீர் வரும். பத்தடி தள்ளி விழுந்தால் 1000 அடியும் மாவுதான். ஆகவே அங்கே தண்ணீர் கொடுத்தது ஆழம் இல்லை, இடம்.

இன்னொரு அமைப்பும் நம் பக்கம், தர்மபுரி வரை, நிறைய உண்டு. கறுப்பு டோலரைட் பாறை, சுவர் எழுப்பியதுபோல நீளமாக நிலத்துக்குள் ஓடும். தரையில் கறுப்பு உருண்டைக் கற்கள் ஒரே நேர்கோட்டில் கிடந்தால் அடியில் அந்தச் சுவர் இருக்கலாம். சுவர் இறுக்கமாக இருந்தால் நிலத்தடி அணை மாதிரி வேலை செய்யும். மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் காயும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் கொட்டுவதும் எதிர்வீட்டில் வறண்டு கிடப்பதும் பல நேரம் இதனால்தான். சுவரின் நடுவில் போர் போட்டால் துளைக்கும் பிட் தேயுமே தவிரத் தண்ணீர் வராது.

#6 அடிவாரவீடு

ராடு20 அண்ணன் கேட்ட விவரம்:

25 அடி வரை செம்மண், இடையிடையே உருண்டைக்கல். 25 முதல் 85 வரை மஞ்சளும் பழுப்புமாக உதிரி. 85க்குக் கீழே கருநீலச் சாம்பல் நிறம். 210இல் துருப்பிடித்த மாதிரி சில்லுகள், உடனே தண்ணி. 430இல் லேசான பழுப்பு. 440 முதல் 650 வரை ஒரே சாம்பல் மாவு, ஈரம்கூட மாறவில்லை. கேசிங் 95 அடி, 7 இஞ்ச் பிவிசி.

போர் போடும் முன் கருவி வைத்து நீரோட்டம் பார்த்தவர் 700 அடிக்குக் கீழே நல்ல கேப் இருப்பதாகச் சொன்னார். மனைக்குள்ளேயே கம்பி அடித்துப் பார்த்தார்.

#7 பாறைமொழி

மனைக்குள் பார்த்ததா? அப்படியானால் அந்த 700 அடி முடிவை ஒதுக்கிவிடுங்கள். கருவியில் குற்றம் இல்லை, வைக்க இடம் இல்லை.

நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் ஒரே கோட்டில் அடிப்பார்கள். வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் விடுவார்கள், உள்கம்பி இரண்டில் மின்னழுத்தம் அளப்பார்கள். இடைவெளியை அகட்ட அகட்டத்தான் மின்சாரம் ஆழமாக இறங்கும். எத்தனை அடி இடைவெளியோ, கிட்டத்தட்ட அதில் பாதியிலிருந்து அதே அளவு ஆழம் வரைதான் தெரியும். மொத்தக் கோடு இடைவெளியைப் போல மூன்று மடங்கு. 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை 50 அடி. இடைவெளி 16 அடிக்கு மேல் போகாது. அதில் 16 அடிக்குக் கீழே எதையும் பார்க்க முடியாது. 300 அடி பார்க்க 900 அடி நீளத்துக்குத் திறந்த வெளி வேண்டும். நகருக்குள் அது அரிது. கிடைத்தாலும் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் அளவைக் கெடுக்கும். பக்கத்தில் நீளமான தரிசு இருந்தால் அங்கே பார்த்து மக்கிய பகுதியின் தடிமனைத் தெரிந்துகொள்ளலாம். அந்த அளவில் இது மிகப் பயனுள்ள கருவி.

பொதுவாக, இறுகிய சார்னோக்கைட் மின்தடை 1000 ஓம் மீட்டருக்கு மேல் காட்டும். தண்ணீர் உள்ள மக்கிய பாறை 50 முதல் 200 வரை. 20க்குக் கீழே வந்தால் களிமண்ணாகவோ உப்புத் தண்ணீராகவோ இருக்கலாம். எண் குறைவதைப் பார்த்ததும் தண்ணீர் என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

தேங்காய், வேப்பங்குச்சி வைத்துப் பார்ப்பதைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். மக்கிய பகுதி தடிமனாக உள்ள ஊரில் எங்கே தோண்டினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். அதனால் அந்த முறை பலித்ததாகத் தோன்றும். எந்த ஆழத்தில், எத்தனை லிட்டர் என்று அது சொன்னதைச் சரிபார்த்தால் நிற்காது.

உங்கள் மாவு விவரம் அதைவிட நம்பத்தக்க சாட்சி. சில்லுகளில் துரு நிறம் இருந்தால் அந்தப் பிளவு வழியாகப் பல காலமாகத் தண்ணீரும் காற்றும் போய்வந்திருக்கிறது, பாறையிலுள்ள இரும்பு துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். 440க்குக் கீழே 210 அடி தூரம் ஒரே நிறத்தில் கூர்மையான சாம்பல் மாவு வந்திருக்கிறதே, அங்கே பாறை மூடிக்கிடக்கிறது. இன்னும் 350 அடியில் அது திடீரென மாறும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை.

#8 ராடு20

கேசிங் சரியா போட்டிருக்காங்க. 85ல கல்லு, 95 வரை பைப்பு, அதாவது 10 அடி கல்லுக்குள்ள உக்காந்திருக்கு. நிறையப் பேர் பைப்பு காசை மிச்சம் பண்ண 60 அடியோட நிறுத்திருவாங்க. மக்கின பகுதி திறந்து கிடந்தா ஒவ்வொரு மழைக்கும் செந்தண்ணி வரும், மண்ணு சரிஞ்சு மோட்டாரை மூடும், அப்புறம் மேல இழுக்கவே முடியாது. அடிவாரத்துல இன்னொரு தொல்லை, மேல இருந்து உருண்டு வந்த கல்லு. 25 அடி வரைக்கும்னு சொன்னீங்களே, அதுல ஒண்ணைத் தொட்டதும் கல்லு வந்துருச்சுன்னு நினைச்சு கேசிங்கை நிறுத்திடக் கூடாது. குறைஞ்சது 10 அடி தொடர்ந்து ஒரே கல்லு, ஒரே நிற மாவு வந்தாத்தான் அது அடிப்பாறை.

கேசிங்குக்கு வெளிப்பக்கம் குழிச்சுவருக்கும் பைப்புக்கும் நடுவுல சந்து இருக்கும். அதை வெறும் மாவு போட்டு மூடிட்டுப் போயிருவாங்க. விடாதீங்க. மேல 10, 15 அடியாவது சிமெண்ட் பால் ஊத்தி அடைக்கச் சொல்லுங்க. செப்டிக் டேங்க் கசிவு இறங்கற வழியே அந்தச் சந்துதான். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி இருக்கணும்பாங்க, உங்க மனையில அது முடியாது. அதனால இந்த அடைப்புதான் உங்களுக்குக் காவல்.

காலையில மேல சொன்ன மாதிரி ஒரு மணி நேரம் காத்தடிச்சு அளந்து போடுங்க. அதுவரைக்கும் துளைக்கற ராடை மேற்கொண்டு இறக்க விடாதீங்க.

#9 மலைக்காப்பி

இடையில் ஒரு கேள்வி. ஏற்காட்டில் மலை உச்சியை ஒட்டிய சரிவுகளில் மழை நின்று பல மாதம் ஆனாலும் ஊற்று கசிகிறது. அதே தோட்டத்தில் மேட்டில் போட்ட போர் வறண்டு போகிறது. உயரத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

#10 பாறைமொழி

எல்லாம் உச்சியில் பெய்த மழைதான். சேர்வராயன் உச்சிப் பரப்புகளில் பாறை மிக நீண்ட காலம் மக்கி, பாக்சைட்டும் செம்பாறையும் மூடியாக உட்கார்ந்திருக்கிறது. அது துளைத்துளையானது, மழையைக் குடித்துக்கொள்ளும். அதற்கு அடியில் களிமண்ணாக மாறிய அடுக்கு, அதற்கும் கீழே இறுகிய சார்னோக்கைட். இறங்கிய தண்ணீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, அந்தச் சந்திப்பு சரிவில் வெளிப்படும் இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. உச்சியில் போடும் போர் அந்தத் தொட்டியைக் கேசிங்கால் அடைத்துவிட்டு, கீழே காய்ந்த பாறையில் தண்ணீர் தேடுகிறது. மலை மேல் ஊற்றைச் சுற்றி ஆழமில்லாத தொட்டி கட்டிச் சேமிப்பதுதான் பாறைக்கு ஏற்ற வழி. உச்சி மூடியில் மரத்தை எடுத்து மண்ணைக் கடினமாக்கினால் கீழே ஊற்று சுருங்கும்.

#11 அடிவாரவீடு

காலையில் காற்றடித்துப் பார்த்தோம். முதல் அரை மணி நேரம் ஒன்றரை இஞ்ச் வரை வந்தது. பிறகு இறங்கி, ஒன்றரை மணி நேரம் கழித்து 2 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. ஒரு இஞ்ச்கூட இல்லை. வருத்தமாக இருக்கிறது. வண்டி இன்னும் நிற்கிறது, 1000 அடி ஓட்டச் சொல்லட்டுமா?

#12 ராடு20

வேண்டாங்க. நிறுத்துங்க. வருத்தப்பட ஒண்ணுமில்ல, கணக்கைப் பாருங்க.

2 சென்டிமீட்டர்னா நிமிஷத்துக்கு 4.7 லிட்டர். 15 லிட்டர் பக்கெட் நிறைய மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகணும், பக்கெட் வெச்சும் சரிபார்த்துக்குங்க. ஊத்து ராத்திரி பகல் பாக்காது. 24 மணி நேரத்துக்கு 6,700 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர்ங்கறதுதான் நகரக் குடிநீர்த் திட்டக் கணக்கு. எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர். ஆறு மடங்கு இருக்குது உங்ககிட்ட. மே மாசம் பாதியா குறைஞ்சாலும் மூணு மடங்கு. விவசாயத்துக்கு இது பத்தாது, வீட்டுக்குத் தாராளம்.

சின்ன ஊத்துக்கு குழியே தொட்டி. உங்களுக்கு இனி வேண்டியது ஆழம் இல்ல, பொருத்தமான மோட்டார். அதைப் பத்திச் சுருள்கம்பி சொல்லட்டும்.

#13 சுருள்கம்பி

ரிக் வண்டி போனதும் ஒரு நாள் விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டத்தை அளங்கள். நூலில் சின்ன எடை கட்டி இறக்கினால் போதும். மட்டம் 120 அடியில் நிற்பதாக வைத்துக் கணக்குப் போடுகிறேன், உங்கள் எண்ணை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மோட்டாரை 350 அடியில் தொங்கவிட்டால் மேலே 230 அடி தண்ணீர், கிட்டத்தட்ட 1,500 லிட்டர் கையிருப்பு. நிமிடத்துக்கு 25 லிட்டர் எடுக்கும் பம்பு போட்டால் ஊற்று 4.7 திருப்பித் தரும், கையிருப்பிலிருந்து 20.3 குறையும். 1000 லிட்டர் டேங்க் நிரம்ப 40 நிமிடம், மட்டம் 125 அடி இறங்கி 245இல் நிற்கும். எடுத்த 812 லிட்டரை ஊற்று மறுபடி நிரப்ப மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே காலை ஒரு டேங்க், மாலை ஒரு டேங்க். அடுத்தடுத்து ஓட்டாதீர்கள்.

பெரிய பம்பு போட்டால் சீக்கிரம் நிரம்பும் என்று நிமிடத்துக்கு 60 லிட்டர் பம்பை விற்பார்கள். அது 27 நிமிடத்தில் கையிருப்பை உறிஞ்சிவிட்டுக் காற்றை இழுக்கும். இந்த ஊரில் மோட்டார் எரிவதற்கு முதல் காரணம் மின்சாரக் குறைபாடு இல்லை, போருக்குப் பொருந்தாத பெரிய பம்பு.

ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) கணக்கு: 245 அடி 75 மீட்டர், மேல்தொட்டிக்கு 10, குழாய் உரசலுக்கு 5, ஆக 90. கோடையில் மட்டம் இறங்கும், அதனால் கேட்லாகில் "100 மீட்டர் ஹெட்டில் 25 லிட்டர்" என்று இருக்கும் பம்பைத் தேடுங்கள். 1.5 எச்பியில் வரும். எச்பியை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஸ்டேஜ் (பம்புக்குள் இருக்கும் சுழல்விசிறி அடுக்கு) எண்ணிக்கை மாறினால் ஒரே எச்பியில் ஹெட்டும் லிட்டரும் தலைகீழாக மாறும்.

கேபிள்: 350 அடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் 10 ஆம்பியரில் சுமார் 16 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 10 வோல்ட்தான் போகும். சாயங்காலம் வீட்டிலேயே 200 வோல்ட்டுக்கு இறங்கும் தெருவில் அந்த 6 வோல்ட்டுக்கு மதிப்பு உண்டு. தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் ட்ரை ரன் ரிலே பேனலில் கட்டாயம் வேண்டும்.

இப்போது பலர் தவறவிடும் ஒரு விஷயம். சப்மெர்சிபிளில் (நீருக்குள் இறக்கும் பம்பு) மோட்டார் கீழே, பம்பு மேலே, தண்ணீர் உள்ளே போகும் வாய் நடுவில். தண்ணீர் மோட்டாரின் உடம்பை உரசிக்கொண்டு கீழிருந்து மேலே வந்தால்தான் மோட்டார் குளிரும். உங்களுக்குப் பெரும்பகுதி தண்ணீர் 210 அடி கேப்பிலிருந்து, அதாவது மேலிருந்து விழுகிறது. அது நேரே வாய்க்குள் போய்விடும், மோட்டாரைச் சுற்றியிருக்கும் தண்ணீர் அசையாமல் கொதிக்கும். இதற்கு 125 மில்லிமீட்டர் பிவிசி குழாயை மோட்டாருக்கு உறையாகப் போட வேண்டும். உறையின் மேல்முனையை வாய்க்கு மேலே பம்பு உடம்போடு இறுக்கி மூடுங்கள், கீழ்முனை மோட்டார் அடியைத் தாண்டித் திறந்திருக்கட்டும். மேலிருந்து வரும் தண்ணீர் உறைக்கு வெளியே கீழே இறங்கி, மோட்டாரை உரசி, பிறகு வாய்க்குப் போகும். 6.5 இஞ்ச் குழியில் 4 இஞ்ச் பம்போடு இது தாராளமாக இறங்கும்.

#14 வெள்ளைக்கல்

குடிக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறதுங்க.

முதலாவது கிருமி நீக்கம். ரிக் ராடும் மண்ணும் உள்ளே போன குழி. 120 முதல் 650 அடி வரை 530 அடி தண்ணீர், சுமார் 3,450 லிட்டர். 600 கிராம் புது பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஓர் இரவு விட்டு, மறுநாள் வாசனை போகும்வரை இறைத்து வெளியே விடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கோ ஏரிக்கோ விட வேண்டாம்.

இரண்டாவது பரிசோதனை. டிடிஎஸ் மீட்டர் வைத்து "350 காட்டுது, நல்ல தண்ணி" என்று முடிவு செய்யாதீர்கள். அது கரைந்ததன் மொத்தத்தைக் காட்டும், எது கரைந்தது என்று காட்டாது. சேலம், தர்மபுரிப் பாறைகளில் ஃப்ளூரைடு ஒரு கேள்வி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டாலும் 1.5ஐத் தாண்டக் கூடாது. அதற்கு நிறமும் சுவையும் இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி அடர்த்திதான் கூடும். நைட்ரேட் 45க்கு மேல் வந்தால் சாக்கடை அல்லது உரம் இறங்குகிறது என்று பொருள், அப்போது ராடு20 சொன்ன சிமெண்ட் அடைப்பைப் பாருங்கள். ஃப்ளூரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, மெக்னீசியம், கோலிஃபார்ம் (சாக்கடைக் கலப்பைக் காட்டும் கிருமி) ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோலிஃபார்முக்குக் கொதிநீரில் கழுவிய பாட்டில் போதாது, ஆய்வகம் தரும் பாட்டிலில் எடுத்து அன்றே கொடுக்க வேண்டும்.

கருப்பூர், வெள்ளைக்கல்பட்டிப் பக்கம் இந்த இழையைப் படிப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். அங்கே பாறையே வேறு. டியூனைட் என்ற மெக்னீசியம் நிறைந்த பாறை. அதன் பிளவுகளில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து உண்டாக்கிய வெள்ளை நரம்புகள்தான் நம் வெள்ளைக்கல், மேக்னசைட். வெள்ளையாக இருந்ததால் ஆங்கிலேயர் சாக் குன்றுகள் என்று பெயரிட்டுவிட்டார்கள், அங்கே சாக் கிடையாது. உலைகளுக்கு உள்ளே வைக்கும் செங்கல்லுக்கு இந்தக் கல் போகிறது. சுட்டபின் கிடைக்கும் மெக்னீசியா 2,800 டிகிரி வரை உருகாது. அந்தப் பகுதித் தண்ணீரில் கால்சியத்தைவிட மெக்னீசியம் கூடுதலாக இருக்கும். மெக்னீசியம் 100 மில்லிகிராம் இருந்தால் அது மட்டுமே 410 மில்லிகிராம் கடினத்தன்மைக்குச் சமம். சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயில் மீது வெள்ளை ஓடு கட்டும்.

போர் மாவில் வெள்ளைத்தூள் வந்தால் சுக்கானா (சுண்ணாம்புக்கல்) வெள்ளைக்கல்லா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். சுக்கான் உடனே பொங்கும். வெள்ளைக்கல் குளிர்ந்த ஆசிட்டில் சும்மா இருக்கும், லேசாகச் சூடாக்கிய ஆசிட்டில்தான் பொங்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுத் திறந்த வெளியில் செய்யுங்கள், பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

#15 ஏரிக்கரை

பாறைமொழி சொன்ன நிலத்தடித் தொட்டியை மழைநீரால் நிரப்பும் பேச்சையும் பேசிவிடுவோம். 800 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 74 லிட்டர். 30 மில்லிமீட்டர் கொட்டினால், தெறிப்பும் ஆவியும் போக, சுமார் 1,800 லிட்டர். 3 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி ஆழத்தில் மழைநீர் இறக்கும் குழி வெட்டிச் சல்லி நிரப்பினால் காலி இடம் 600 லிட்டர்தான் இருக்கும். அதனால் பெருமழையில் வழியும். வழிவது தெருவுக்குப் போகாமல் தோட்டப் பள்ளத்துக்குப் போகும்படி ஒரு குழாய் விடுங்கள். 2003இல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய காலத்தில் கட்டிய குழிகள் பல இன்று வேலை செய்யாததற்குக் காரணம் ஒன்றுதான்: மேல் மணலை யாரும் மாற்றவில்லை. மேலே ஒரு அடி மணல் மட்டும் இருக்கட்டும், அதற்கும் சல்லிக்கும் நடுவே வலைத்துணி. ஆடி பிறக்கும் முன் அந்த ஒரு அடி மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும். முதல் மழையின் பத்து நிமிடத் தண்ணீரைத் திருப்பி வெளியே விட ஒரு வால்வு வையுங்கள், பறவை எச்சமும் தூசியும் அதில் போய்விடும்.

பழைய 180 அடி போரையே மழைநீர் இறக்கப் பயன்படுத்தலாமே?

#16 பாறைமொழி

நான் வேண்டாம் என்பேன். குழியில் ஊற்றும் நீர் மக்கிய பகுதி வழியாக மெல்ல இறங்கும்போது மண் அதைச் சலிக்கிறது. போரில் நேரே விட்டால் சலிக்க எதுவும் இல்லை, மாடி அழுக்கு நேரே விரிசலுக்குப் போகும். நுண்மண் விரிசலில் படிந்தால் எடுக்க வழியே இல்லை, பக்கத்துப் புதுப் போரும் சேர்ந்து கெடும். பெரிய வளாகங்களில் வடிகட்டித் தொட்டி கட்டி, ஆள் வைத்துப் பராமரித்தால் சரி. 30க்கு 40 மனையில் ஐந்து வருடம் கழித்து அந்த வடிகட்டியை யார் பார்ப்பார்கள்?

#17 அடிவாரவீடு

650இல் நிறுத்திவிட்டோம், வண்டியை அனுப்பியாயிற்று. பழைய போரை மூடிவிடுகிறேன். வாயில் ஒரு கல்தான் வைத்திருக்கிறது. எப்படி மூடுவது?

#18 ராடு20

கல்லு, சாக்கு, தகரம் எதுவும் ஆகாதுங்க. இன்னிக்கே செய்யுங்க. வீட்டுல குழந்தைங்க இருந்தா இந்த வேலையை ஒரு ராத்திரிகூடத் தள்ளிப் போடாதீங்க. 4.5 இஞ்ச்தானேன்னு நினைக்காதீங்க, மேல மண்ணு சரிஞ்சா வாய் அகலமாயிரும்.

உள்ள பழைய பைப்பு, கயிறு, கேபிள் இருந்தா உருவி எடுங்க. அடியில இருந்து தரைமட்டம் வரைக்கும் நிரப்பணும். 180 அடிக்கு அடிக்கு 3.1 லிட்டர் கணக்குல கிட்டத்தட்ட 560 லிட்டர் பொருள் வேணும், அதாவது 20 கன அடி. கீழ் 90 அடிக்குச் சுத்தமான மணலும் பொடிச்சல்லியும். பெரிய ஜல்லி போட்டா நடுவுல சிக்கிக்கும், கீழ வெற்றிடம் நிக்கும், மேல நிறைஞ்ச மாதிரி தெரியும். அதனால ஒரு சட்டி போடுங்க, நூல்ல எடை கட்டி இறக்கி எவ்வளவு ஏறிச்சுன்னு பாருங்க, அப்புறம் அடுத்த சட்டி. மேல் 90 அடிக்கு களிமண்ணைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டி, காயவெச்சுப் போட்டு, நடுநடுவுல தண்ணி ஊத்துங்க, ஊறி அடைச்சுக்கும். கடைசி அஞ்சு அடி சிமெண்ட் கலவை. ரெண்டு மழை முடிஞ்சதும் போய்ப் பாருங்க, இறங்கியிருந்தா மேல போட்டு நிரப்புங்க.

புதுப் போருக்கும் மோட்டார் இறக்கற வரைக்கும் கேசிங் வாயில இரும்பு மூடி போட்டு போல்ட்டு முடுக்குங்க. கேசிங்கைச் சுத்தி அரை மீட்டருக்கு அரை மீட்டர் கான்கிரீட் மேடை, தரைக்குக் கீழ 30 சென்டிமீட்டர், மேல 30. 2010ல சுப்ரீம் கோர்ட்டு சொன்ன அளவு இதுதான். மூடியில கேபிள் போற ஓட்டையையும் ரப்பர் வெச்சு அடைச்சிருங்க, பூரானும் எலியும் அது வழியாத்தான் இறங்கும்.

#19 அடிவாரவீடு

மூடி இப்போதே முடுக்கியாயிற்று. களிமண் நாளைக் காலை ஏற்றி வரச் சொல்லியிருக்கிறேன். சட்டிக்குச் சட்டி எத்தனை அடி ஏறியது என்று அளந்து இங்கேயே போடுகிறேன்.